உள்தையல்

சித்திரை 3

சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. "ரத்தமே இல்லம்மா உனக்கு. இந்த வெயில் முடியறதுக்குள்ள உடம்பு தேறணும். குழந்தையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். சாப்பாட்டை மட்டும் எழுதினால் போதுமாம். எனக்கு ஒன்றை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

காலை மூன்று இட்லி. மதியம் ரசம் சாதம், அப்பளம். ராத்திரி அதே ரசம், அப்பளம் இல்லாமல்.

எடை முப்பத்தெட்டு கிலோ. தெருமுனை எண்ணெய் மில்லில் மல்லாட்டை மூட்டை போடும் தராசில் ஏறி நின்றேன். "அர மூட்ட கூட இல்லியேம்மா" என்று மில்காரர் சிரித்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. டாக்டரம்மா செய்யாறுக்குப் புதிது, புரியாமல் போகலாம்.

அவருக்குத் தெரியாத இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எனக்குப் போன மாசியில்தான் கல்யாணம் ஆனது, முப்பத்தொரு வயதில். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் காபியைக் குடித்துவிட்டு, பெண் ஒட்டடைக்குச்சி என்று சொல்லிவிட்டுப் போனதால் இத்தனை தாமதம். இவர் பெயர் தணிகாசலம். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி சுலோச்சனா போன வைகாசியில் காய்ச்சலில் போய்விட்டாராம். கூடத்தில் படம் இருக்கிறது. இரண்டு கன்னமும் உப்பலாக, நல்ல சிரிப்பு.

அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. இந்த வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இவர் "இங்க பாரு" என்பார். அத்தை "ஏ புள்ள" என்பார். பவளக்கொடி என்று முழுசாக வேண்டாம். பவளம் என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். எடை ஏறுகிறதோ இல்லையோ, எனக்கு இது நடக்க வேண்டும்.

சித்திரை 5

டாக்டரம்மா சொன்னதை அத்தையிடம் சொன்னேன். உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி என் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் தன் விரல்களால் வளைத்துப் பார்த்தார். விரல் வளையத்துக்குள் நிறைய இடம் மிச்சம் இருந்தது.

"நான் தேத்திடறேன் உன்ன" என்றார். "பாத்துக்கினே இரு. தேத்திடுவேன்."

அவர் குரல் கொஞ்சம் பதறியது. ஒரு மருமகள் ஒல்லியாக இருப்பதற்கு இவ்வளவு பதற வேண்டாம். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வியர்வையில் என் ரவிக்கைகள் அக்குளில் கிழிந்துவிட்டன. அத்தை பெட்டியைத் திறந்து பழுப்பு நிறத்தில் ஒரு பருத்தி ரவிக்கை எடுத்துக் கொடுத்தார். "வெயிலுக்கு நல்லது, போட்டுக்க." சுலோச்சனாவுடையது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அளவெடுத்துத் தைத்தது போல எனக்குப் பொருந்தியது. உள்ளே இரண்டு பக்கமும் நாலைந்து தையல்கள் வரிசையாக இருந்தன. உடம்பு போட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ள வசதியாகத் தையல்காரி விட்டிருக்கிறாள். கெட்டிக்காரி.

சித்திரை 8

அத்தை சொன்னதைச் செய்கிறவர். இன்றைய கணக்கு இதோ.

காலை கேழ்வரகுக் கூழ். எல்லோரும் குடிக்கிற தண்ணிக் கூழ் இல்லை இது. வறுத்த மல்லாட்டையை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, ஆடையோடு கெட்டித் தயிரை ஊற்றிப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். பதினொரு மணிக்கு நுங்குப் பால். நுங்கைத் தோல் நீக்கிக் கையால் மசித்து, சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பாலில் போட்டு, பனங்கற்கண்டும் ஊறவைத்து அரைத்த முந்திரியும் சேர்த்து, மண்சட்டியில் வைத்துக் குளிர வைப்பது. மதியம் சாதத்தில் குழி பறித்து நெய். பருப்பு. வாழைக்காய் வறுவல். மாலையில் எள்ளுருண்டை. ராத்திரி மாம்பழத்தைப் பிழிந்துவிட்ட பால்சோறு.

நான் சாப்பிடும்போது அத்தை எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். வாயைப் பார்க்கிறார். விழுங்கினேனா என்று தொண்டையைப் பார்க்கிறார். "நீங்களும் உக்காருங்க அத்த" என்றேன். "நான் அப்பவே சாப்ட்டேன்" என்றார்.

அவர் ரவிக்கைதான் தோளில் நழுவிக்கொண்டே இருக்கிறது. ஊக்கு போட்டுப் பிடித்து வைத்திருக்கிறார். எனக்குத் தைத்த கெட்டிக்காரி அவருக்குத் தைக்கவில்லை போல.

சித்திரை 11

மதியம் உளுந்தங்களி, நல்லெண்ணெயில் மிதக்க மிதக்க. எழுதக் கை தூக்க முடியவில்லை.

சித்திரை 15

பழுப்பு ரவிக்கை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்து ஒரு தையலைப் பிரித்தேன். வெள்ளை நூல். இழுத்ததும் வந்துவிட்டது. மூச்சு விட இடம் கிடைத்தது. எனக்கே சிரிப்பு, ஒட்டடைக்குச்சிக்குத் துணி பற்றவில்லையாம்!

இவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதில்லை. கடைக்கே டப்பாவில் போய்விடுகிறது. இன்று எதையோ மறந்துவிட்டு வந்தார். நான் பின்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வாளியை இடித்துக்கொண்டு நின்றார். "இன்னாங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, இங்க பாரு, அந்த ரவிக்கய..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

துணியில் ஒரு பவுடர் வாசனை இருக்கிறது. மூன்று தடவை துவைத்துவிட்டேன். வியர்த்தால் மறுபடி வருகிறது. நான் பவுடர் போடுவதில்லை.

சித்திரை 21

கத்திரி ஆரம்பம். தரையில் கால் வைக்க முடியவில்லை. காக்காய்கூட இல்லை தெருவில்.

அத்தை பலாச்சுளையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, வெல்லம் போட்டு இறக்கினார். "துன்னு. உனக்குத்தான் பலான்னா உசுராச்சே" என்றார்.

நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குப் பலா வாசனையே ஆகாது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கரண்டியோடு காத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டேன்.

பயம் என்று சொல்ல முடியாது. வெயில்தான்.

சித்திரை 24

காலையில் எழுந்ததும் பலா சாப்பிட வேண்டும் போல இருந்தது. இதை டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டேன். மில்காரர் கைதட்டினார். அத்தையிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "தேறுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

சித்திரை 28

இரண்டாவது தையல் கைக்குழி வளைவில் ஏறிப் போகிறது. நானே பிரித்தால் துணி கிழிந்துவிடும் என்று அடுத்த வீட்டு மேகலா அக்காவிடம் எடுத்துப் போனேன். அக்காதான் இந்தத் தெருவுக்கு டெய்லர். நான் வாசற்படியில் நின்று, கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூப்பிட்டேன். மிஷினை விட்டு எழுந்தேவிட்டார்.

"ஏண்டி, அப்டி நிக்காத. அவ அப்டித்தான் நிப்பா" என்றார்.

நான் எப்போதும் அப்படித்தான் நிற்பேனா? எனக்கு ஞாபகமில்லை.

ரவிக்கையைக் கொடுத்து, "நல்லா யோசிச்சு இத்தன தையல் போட்டிருக்கீங்கக்கா, பிரிச்சு வுட வசதியா" என்றேன். அக்கா அதை உள்பக்கம் திருப்பினார். விரலால் ஒவ்வொரு தையலாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"இது என் தையல் இல்ல" என்றார். "இந்தா, வெளியோரமா மிஷின்ல ஓடுது பாரு, அது ஒண்ணுதான் என்னுது. மிச்சதெல்லாம் கையால போட்டது. அவளே போட்டுகினது. ஒண்ணுக்கு உள்ள ஒண்ணு, உள்ள உள்ளயே போய்கினு கீது."

பிரித்துவிட வைத்த தையல்கள் இல்லை. பிடித்துக்கொண்டே போன தையல்கள். ஒரு தையலுக்கு வெள்ளை நூல், ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்குக் கையில் அகப்பட்ட பச்சை. நான் பிரித்தது அவள் கடைசியாகப் போட்ட தையல்.

"காய்ச்சல்னு சொன்னாங்களேக்கா" என்றேன்.

"காய்ச்சல்தான். தாங்கறதுக்கு ஒடம்புல இன்னா இருந்திச்சு? வந்தப்ப பூசணியாட்டம் வந்தா. ஒரு காதுகுத்துப் பந்தில, உங்க அத்த எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்த சொல்லிச்சு. 'எங்க வூட்டு அண்டா சோறு இவளுக்கு ஒரு வாய்தான்'னு. வேணும்னு சொல்லல. சிரிச்சிகினுதான் சொல்லிச்சு. பந்தியே சிரிச்சிது, நானும் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. எலைய மூடிட்டு எழுந்தவதான். அதுக்கப்புறம் எப்பக் கேட்டாலும் 'சாப்ட்டேன்'னுதான் சொல்லுவா."

அக்கா இரண்டாவது தையலைப் பிரித்துக் கொடுத்தார். கறுப்பு நூல். போட்டுக்கொண்டு வந்தேன். வேறு ரவிக்கை இல்லையா என்று கேட்டால், கிழிசல் தைத்தது இருக்கிறது. ஏன் இதையே போட்டுக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை.

வைகாசி 1

நேற்று கோபம் தாங்க முடியவில்லை. ஒருத்தியைப் பேசிப் பேசிக் கொன்றுவிட்டு, இன்னொருத்தியை ஊட்டி வளர்த்துக் கணக்கை நேர் செய்வார்களாம். நான் என்ன இவர்கள் வீட்டு உண்டியலா? மதியம் அத்தை தட்டு வைத்ததும், "எனக்கு வேணாம். சாப்ட்டேன்" என்றேன்.

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தவுடனே தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது என்று.

அத்தை கத்தவில்லை, கெஞ்சவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தட்டு சாய்ந்து, நெய் சோறு பாதி தரையில் சரிந்தது. பிறகு பின்கட்டுக்குப் போய், செருப்பு இல்லாமல் கத்திரி வெயிலில் நின்றார். நான் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் நான் தட்டை எடுத்துக்கொண்டு போய், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கும்படி பிசைந்து சாப்பிட்டேன். கண்ணீரும் மூக்குமாக ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அப்புறம்தான் உள்ளே வந்தார்.

வந்தவர் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அந்தக் கையில் வெயில் வாசனை மட்டும் இருந்தது. குழம்பு வாசனை இல்லை, மோர் வாசனை இல்லை.

எனக்கு இது தெரியும். வந்தவாசியில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். சட்டியில் மூன்று பேருக்கு இருக்கும். நான்தான் மூத்தவள். எல்லோருக்கும் முன்னால் கையைக் கழுவிக்கொண்டு வந்து "சாப்ட்டேன்" என்பேன். கழுவின கைக்கும் சாப்பிட்டுக் கழுவின கைக்கும் வாசனையில் வித்தியாசம் உண்டு. எங்கள் அம்மாகூட அதைக் கண்டுபிடித்ததில்லை. நான் அத்தையிடம் கண்டுபிடித்துவிட்டேன்.

அவருக்குத் தைத்தவள் மோசமில்லை. ரவிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும், போன வைகாசி வரைக்கும்.

வைகாசி 6

அடுத்த வாரம் சுலோச்சனாவுக்கு வருஷம் திரும்புகிறது. பூவாடைக்காரிக்குப் படையல் போட வேண்டும் என்றார் அத்தை. பூவோடும் பொட்டோடும் போனவள் அந்த வீட்டுக்குச் சாமி. அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, புதுப் புடவை ரவிக்கை வைத்துக் கும்பிடுவார்கள். பிறகு அந்தப் புடவையை வீட்டுப் பெண் உடுத்திக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

என்னென்ன சமைப்பது என்று அத்தை இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டித் தயிர் ஊற்றிய கூழ். நுங்குப் பால். உளுந்தங்களி. எள்ளுருண்டை. தேங்காய்ப்பாலில் பலாச்சுளை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சித்திரை முழுவதும் நான் சாப்பிட்டது படையல்.

கண் எரிந்தது. வெங்காயம்.

வைகாசி 10

மூன்றாவது தையல் பிரித்தாகிவிட்டது. பச்சை நூல். பெட்டியில் இன்னொரு ரவிக்கை, அவள் கல்யாணமாகி வந்தபோது போட்டது. அதைத்தான் அளவு ரவிக்கையாக மேகலா அக்காவிடம் கொடுத்திருக்கிறார் அத்தை, படையல் ரவிக்கை தைக்க. "உன் அளவு குடுடீ, நான் சரி பண்ணிடறேன்" என்று அக்கா ரகசியமாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் அளவிலேயே இருக்கட்டும்.

மதியத் தூக்கத்தில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. விழித்துப் பார்த்தால் யாருமில்லை, பவுடர் வாசனைதான். "எனக்கு உன்மேல ஒண்ணும் கோபமில்ல" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

வைகாசி 12

இவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "புடவையைக் கட்டிக்கினு எலைக்கு முன்னால உக்காரணும். அம்மா மூணு தடவ 'வயிறு நெறஞ்சுதா'ன்னு கேக்கும். நெறஞ்சுதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. வேற ஒண்ணுமில்ல."

"யாரைப் பாத்துக் கேப்பாங்க? அவங்களயா, என்னயா?" என்றேன்.

இவர் "இங்க பாரு..." என்று ஆரம்பித்து, தலையைத் தடவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கேட்டால், "நான் பவளம் அத்த" என்று சொல்லப்போகிறேன். சாமி கோபித்தாலும் சரி. மூன்று தடவையும் அதையே சொல்வேன். ஒரு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்றால் அவளுக்குப் பெயர் இருக்க வேண்டும்.

வைகாசி 16

படையல் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

விடியற்காலையிலிருந்து அடுப்படியில் அத்தையும் நானும். கூழைக் கிண்டும்போது அவர் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டார். உச்சியில் வெயில் நின்றபோது தலைவாழை இலையில் எல்லாம் பரிமாறி, கற்பூரம் காட்டி, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அத்தை கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்து, புடவையை எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். அரக்கு நிறம். உடுத்திக்கொண்டேன். ரவிக்கை தொளதொளவென்று தோளில் நழுவியது. இத்தனை நெய்யும் பலாவும் நுங்கும் சாப்பிட்டும் என்னால் அவளை நிரப்ப முடியவில்லை. ஓர் ஊக்கு எடுத்துக் குத்திக்கொண்டேன். எதிரே அத்தையின் தோளிலும் அதே இடத்தில் ஊக்கு. அதைப் பார்த்தபடியே இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"வயிறு நெறஞ்சுதாம்மா?" என்றார் அத்தை.

நான் வாயைத் திறந்தேன். "நான் பவளம்" என்பது நாக்கு நுனியில் இருந்தது. வரவில்லை.

"சுலோச்சனா, வயிறு நெறஞ்சுதா?" அழுகிறார் என்று குரலில் தெரிந்தது. அவர் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை கேட்க அவருக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வளையல் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது.

"நீங்க சாப்டீங்களா அத்த?" என்று கேட்டேன்.

நான்தான் கேட்டேன். என் வாய்தான். ஆனால் நினைத்து வைத்திருந்த பேச்சு அது இல்லை. குரலும் கொஞ்சம் கனமாக, சிரிப்போடு வந்தது. இவர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "இல்லம்மா, இல்ல, நான் சாப்டல, நான் சாப்டவே இல்ல" என்றார்.

இலையிலிருந்து கூழைக் கையில் எடுத்தேன். அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். குழந்தை போலத் திறந்தார். இன்னொரு வாய். நுங்குப் பால் கொஞ்சம். விழுங்குகிறாரா என்று நான் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலை பாதி காலியாகும் வரை ஊட்டினேன்.

பிறகு இவர் பின்கட்டில் என்னிடம் வந்தார். "உனக்கு யாரு சொன்னது அது?" என்றார்.

"எது?"

"அவ தெனமும் அதத்தான் கேப்பா. எல்லாருக்கும் போட்டுட்டு, கையத் தொடச்சிக்கினு, கடசியா அம்மாகிட்ட கேப்பா. 'நீங்க சாப்டீங்களா அத்த?' பந்தில அப்டிச் சொன்னதுக்கு அப்புறமும் கேட்டா. படுக்கையில கெடக்கறப்பவும் கேட்டா. அவள ஒரு நாளாச்சும் கிட்ட உக்காந்து கேக்க அம்மாவுக்குத் தெரியாம போச்சே."

யாரும் சொல்லவில்லை என்றேன். உண்மையும் அதுதான். சாப்பிடாதவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில் என்ன அதிசயம் இருக்கிறது? யாரும் கேட்பார்கள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

வைகாசி 17

பழுப்பு ரவிக்கையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வாசனை இல்லை. வியர்க்கட்டும் என்று போட்டுக்கொண்டு அடுப்பண்டையே நின்றேன். அப்போதும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. யாரும் இல்லாத இடத்தில் ஒருத்தி துணையாக இருந்தாள். அவளும் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

வைகாசி 19

எடை நாற்பத்து மூன்று. டாக்டரம்மா போதாது என்பார். இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. சாப்பிட்டதை மட்டும் தனித் தாளில் எழுதிக்கொடுத்துவிடுகிறேன்.

காலையில் கூழ். இரண்டு தட்டில் ஊற்றினேன். அத்தை எதிரே உட்கார்ந்து பிசைந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"பவளம், அந்த மோர்மொளகாய எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவர் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்.

மேகலா அக்கா வேலியண்டை வந்து, "உங்க அத்த ரவிக்கையெல்லாம் எடுத்தாடீ, ரொம்ப லூசா கீது, புடிச்சித் தச்சிக் குடுத்துடறேன்" என்றார்.

தைக்க வேண்டாம், ஊக்கே போதும் என்று சொல்லிவிட்டேன்.